பழைய உருவப்படத்துக்குக் காசு கொடுத்தது யார்? 19-ஆம் நூற்றாண்டுப் போட்டோக்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

தடித்த அட்டையில் ஒட்டிய பழைய போட்டோ ஒன்று கையில் இருக்கிறது. கோட்டு அணிந்த ஒருவர் நிற்கிறார். கை ஒரு பெரிய புத்தகத்தின் மேல் இருக்கிறது. பின்னால் தூண், தூணை ஒட்டி மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரைச்சீலை, காலடியில் பூவேலை போட்ட கம்பளம். பார்த்ததும் "பெரிய இடத்துக்காரர்" என்று சொல்லிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தூணும் திரையும் புத்தகமும் கம்பளமும் ஸ்டுடியோக்காரருடையவை, காலையில் அந்தத் தூணருகே நின்றவர் தையல்காரராகவும் மாலையில் நின்றவர் நீதிபதியாகவும் இருந்திருக்கலாம் என்பது புரிந்த பிறகுதான் படத்தைப் படிக்கவே ஆரம்பித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு உருவப்படம் ஒருவர் எப்படி இருந்தார் என்பதைவிட, எப்படித் தெரிய விரும்பினார் என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. அந்த விருப்பம் யாருடையது என்பது காசு கொடுத்தவரைப் பொறுத்தது. படத்தில் இருப்பவரே கொடுத்தாரா, அவருடைய எஜமானர் கொடுத்தாரா, அரசாங்கம் கொடுத்ததா என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்டால் மற்றவை தாமாகத் திறந்துகொள்ளும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

தொடங்கும் முன்

கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் சிறிய லென்ஸ், ஓர் அளவுகோல், மென்மையான பென்சில், ஜன்னலோர வெளிச்சம். இவை போதும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

படம் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்கவே வேண்டாம். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு தம்பதியின் படம் அப்படி ஒட்டியிருந்தது. பல மழைக்காலங்களின் ஈரம் செய்த வேலை. நல்ல எண்ணத்தோடுதான் ஒருவர் கத்தி நுனியை நுழைத்துப் பிரித்தார். மனைவியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த அம்மாளுக்கு வேறு படம் கிடையாது. கண்ணாடியோடு சேர்த்தே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால்கூடப் போதுமாயிருந்திருக்கும்.

முதல் படி: கையில் இருப்பது எந்தப் பொருள்?

முகத்தைப் பார்க்கும் முன் பொருளைப் பாருங்கள். எதன் மேல் படம் பதிந்திருக்கிறது என்பதிலேயே பாதி விலை தெரிந்துவிடும்.

கண்ணாடி போலப் பளபளக்கும் தகடு, ஒரு சாய்வில் படத்தில் இருப்பவர் முகம், இன்னொரு சாய்வில் உங்கள் முகம். இது டாகேரியோடைப். செம்புத் தகட்டின் மேல் வெள்ளி பூசி அதில் படம் எடுக்கும் முறை. 1839-இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. லண்டனில் ரிச்சர்ட் பியர்ட் 1841-இல் ஸ்டுடியோ திறந்தபோது ஒரு படத்துக்கு ஒரு கினி வாங்கினார், அதாவது 21 ஷில்லிங். அன்றைய இங்கிலாந்தில் பண்ணைக் கூலியாள் ஒருவர் வாரத்துக்கு ஏறக்குறைய பத்து ஷில்லிங் சம்பாதித்தார். தன் முகத்தைத் தானே வைத்துக்கொள்ள அவருக்கு இரண்டு வாரக் கூலி வேண்டும். தகட்டின் அளவும் அந்தஸ்தைச் சொல்லும். பரவலாகக் கிடைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் 7 × 8.3 செ.மீ. தகடு. முழுத் தகடு 16.5 × 21.6 செ.மீ.; அது கிடைத்தால் பணக்கார வீட்டின் படம் என்று ஓரளவு நம்பலாம். இந்தத் தகட்டின் மேற்பரப்பை எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். பஞ்சு பட்டாலே படம் போய்விடும்.

கண்ணாடித் துண்டில் பதிந்து, பின்னால் கறுப்புப் பூச்சோ கறுப்புத் துணியோ இருந்தால் ஆம்ப்ரோடைப். கறுப்பு உதிர்ந்த இடத்தில் மட்டும் படம் மங்கி, அடியில் இருப்பது தெரியும். இது 1850-களின் நடுவில் பரவியது, டாகேரியோடைப்பைவிட மலிவு.

கறுப்பு அரக்கு பூசிய மெல்லிய இரும்புத் தகடு என்றால் டின்டைப். பெயரில் டின் இருந்தாலும் தகரம் இல்லை. பின்பக்கமாகச் சிறு காந்தத்தை மெல்ல அருகே கொண்டுபோனால் இழுக்கும். 1856-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. உடையாது, மலிவு, தபாலில் அனுப்பலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பியவற்றில் பெரும்பங்கு இவைதான்.

நம் வீடுகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் நான்காவது வகை: அட்டையில் ஒட்டிய காகிதப் படம். பாரிஸில் டிஸ்தெரி என்பவர் ஒரே தகட்டில் பல படங்கள் எடுக்கும் முறைக்கு 1854-இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வந்தது கார்ட் டி விசிட், அதாவது விசிட்டிங் கார்டு அளவுப் படம். அட்டை ஏறக்குறைய 6.3 × 10 செ.மீ. இருக்கும். 1860-களின் பிற்பகுதியில் 10.8 × 16.5 செ.மீ. அளவுள்ள கேபினட் கார்டு வந்து மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. அளவுகோலை வைத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சிறிய அட்டை ஒரு பெரிய சமூக மாற்றத்தைச் செய்தது. 1860-இல் மேயால் என்ற படக்காரர் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்களை இந்த அளவில் விற்பனைக்கு விட்டார். மகாராணிக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் ஒரே அளவு அட்டை, ஒரே ஆல்பத்தில் அடுத்தடுத்த பக்கம். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து அமெரிக்காவின் பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1861-இல் பாஸ்டனில் ஆற்றிய உரையில் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: வாரத்துக்குச் சில ஷில்லிங் வாங்கும் வேலைக்காரப் பெண், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அரச குடும்பத்தாருக்குக்கூட வாங்கக் கிடைக்காத அளவுக்குத் துல்லியமான படத்தை இன்று வைத்துக்கொள்ளலாம் என்று. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அட்டைப் படங்களில் எல்லோரும் ஏன் ஒரே மாதிரி "பெரிய மனிதராக" நிற்கிறார்கள் என்பது விளங்கும். அந்த வாய்ப்பு அவர்களுக்கு அப்போதுதான் கிடைத்தது.

ஒரு சிறிய தகவல். 1850 முதல் நூற்றாண்டின் கடைசிக் காலம் வரை பெரும்பாலான காகிதப் படங்கள் முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சானவை. அந்தத் தாளுக்குப் பேர்போன ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் தொழிற்சாலை ஒன்று 1888-ஆம் ஆண்டில் மட்டும் 60 லட்சம் முட்டைகளுக்கு மேல் செலவழித்தது. உங்கள் கையில் உள்ள படத்தின் வெளிறிய இடங்கள் மஞ்சளாகி, லென்ஸில் தாளின் நார்கள் தெரிந்தால் அது முட்டைத்தாள்தான்.

இரண்டாம் படி: திருப்பிப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. எனக்கோ முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே அதிகம் உதவியிருக்கிறது.

1860-களின் அட்டை மெல்லியது, முனைகள் சதுரம், பின்னால் ஸ்டுடியோ பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் இருக்கும். 1870-களில் முனைகள் வளைகின்றன. அதன் பிறகு அட்டை தடிக்கிறது, ஓரத்தில் பொன் பூச்சு வருகிறது, பின்பக்கம் முழுவதும் கொடியும் பதக்கமும் அரச முத்திரையுமாக நிறைகிறது. "மன்னரின் ஆதரவு பெற்றவர்" என்று ஸ்டுடியோக்காரர் அச்சடித்துக்கொண்டது தமக்கு மட்டும் செய்துகொண்ட விளம்பரம் அன்று. அந்த அட்டையை வாங்கியவருக்கும் அந்தப் பெருமையில் பங்கு இருந்தது. கவர்னர் படம் எடுத்த இடத்தில் நானும் எடுத்தேன் என்று சொல்லாமல் சொல்லலாம். சென்னையில் போட்டோ சங்கம் 1856-லேயே தொடங்கிவிட்டது. அதன் பிறகு வந்த நிக்கோலஸ் கம்பெனி போன்ற ஸ்டுடியோக்கள் சென்னையிலும் ஊட்டியிலும் கடை வைத்திருந்தன. ஊர்ப்பெயர் ஊட்டி என்றிருந்தால், கோடைக்கு மலையேறும் வசதி படைத்தவர்கள் கூடிய ஊர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அமெரிக்க அட்டையில் பின்னால் வரி ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கே போட்டோவுக்கு வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் ஸ்டாம்பு, 50 சென்ட் வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். ஆக ஸ்டாம்பைப் பார்த்தால் காலமும் தெரியும், கொடுத்த காசும் தெரியும். இவ்வளவு நேரடியான சான்று வேறெங்கும் கிடைக்காது.

மையால் எழுதிய எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது ஸ்டுடியோவின் பதிவேட்டு எண்ணாக இருக்கலாம். லண்டனில் காமில் சில்வி என்ற பிரெஞ்சுக்காரர் 1859 முதல் 1868 வரை நடத்திய ஸ்டுடியோவின் நாட்பதிவேடுகள் அங்குள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ஏறக்குறைய 17,000 அமர்வுகள், படத்தை ஒட்டி எண்ணும் பெயரும் எழுதியவை. எண் ஒன்று கிடைத்தால் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால் வாழ்க்கையே கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: ஸ்டுடியோவின் பொருளைக் கழியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஸ்டுடியோவுக்குச் சொந்தமானவை, வலப்பக்கம் ஆளுக்குச் சொந்தமானவை. தூண், கைப்பிடிச் சுவர், திரை, கம்பளம், செதுக்கிய நாற்காலி, பூச்சாடி, தடித்த புத்தகம் எல்லாம் இடப்பக்கம். சந்தேகமானால் இடப்பக்கமே போடுங்கள். அதே ஸ்டுடியோவின் வேறு இரண்டு மூன்று படங்கள் கிடைத்தால் உறுதியாகிவிடும். நாற்காலியின் கைப்பிடியில் உள்ள சிறு உடைசல்கூடப் படத்துக்குப் படம் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

தூணின் அடியை லென்ஸில் பாருங்கள். கல் தூண் கம்பளத்தின் மேல் நிற்கும். எந்தக் கட்டடத்திலும் அப்படி நிற்காது. அக்காலத்திலேயே போட்டோப் பத்திரிகைகள் இதைக் கிண்டல் செய்தன. திரைச்சுவரில் வரைந்த ஏரியும் மாளிகையும் தரையைத் தொடும் இடத்தில் துணியின் விளிம்பு சுருண்டிருக்கும்.

இடப்பக்கப் பட்டியல் வீண் என்று நினைக்க வேண்டாம். அது காலத்தைச் சொல்லும். 1860-களில் தூணும் கைப்பிடிச் சுவரும் திரையும். 1870-களில் கிராமத்து மரப்பாலமும் வேலிப்படியும். 1880-களில் ஊஞ்சலும் தொங்கு படுக்கையும் ரயில் பெட்டியும். 1890-களில் பனை வகைச் செடிகளும் சைக்கிளும். காசுள்ளவர்களின் கனவு மாளிகையிலிருந்து ஓய்வுக்கும் பயணத்துக்கும் நகர்ந்ததை இந்தப் பின்னணிகளே காட்டுகின்றன.

இந்த இரவல் பொருட்கள் எவ்வளவு பெரிய வேலை செய்தன என்பதற்கு ஆபிரகாம் லிங்கன் நல்ல உதாரணம். 1860 பிப்ரவரி 27. நியூயார்க்கில் கூப்பர் யூனியன் அரங்கில் பேச வந்தவர், அன்றே மேத்யூ பிரேடியின் ஸ்டுடியோவுக்குப் போனார். மரக்குடிசையில் பிறந்தவர், நெடிய உருவம், ஒல்லிக் கழுத்து, சரியாகப் பொருந்தாத கோட்டு. கிழக்கு மாநிலத்தார் அவரை நாட்டுப்புறத்தான் என்றே நினைத்திருந்தார்கள். பிரேடி அவரை நிற்க வைத்தார், பின்னால் தூண் வந்தது, கைக்குக் கீழே புத்தகங்கள் வந்தன, கழுத்து நீளம் தெரியாமல் இருக்கச் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டார். அந்தப் படம் அதிபர் தேர்தல் முழுவதும் அட்டையாகவும் அச்சுச் சித்திரமாகவும் நாடெங்கும் போனது. இடப்பக்கப் பட்டியலைக் கழித்துவிட்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். மிஞ்சுவது கசங்கிய கோட்டும், நீண்ட விரல்களும், நேராகப் பார்க்கும் கண்ணும். எனக்கு அந்த மிச்சம்தான் பிடித்திருக்கிறது.

காலடியையும் பாருங்கள். நிற்பவரின் குதிகாலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியின் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். தலை ஆடாமல் இருக்கப் பின்னந்தலையில் முட்டுக் கொடுக்கும் கம்பி அது. அது தெரிந்தால் "இது பிணத்தை நிற்க வைத்து எடுத்த படம்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். உயிருள்ளவரை அசையாமல் நிறுத்தத்தான் அந்தக் கம்பி. செத்த உடலின் கனத்தை அது தாங்காது. இறந்தவர்களை எடுத்த படங்கள் உண்டு. அவை பெரும்பாலும் படுக்கையிலோ மடியிலோ இருக்கும்.

நான்காம் படி: உடை, ஆனால் இரண்டு பொறிகளோடு

வலப்பக்கப் பட்டியலில் முதலில் வருவது உடை. 1860-களில் பெண்களின் பாவாடை கூண்டு போல விரிந்திருக்கும். 1870, 80-களில் பின்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும். 1890-களின் நடுவில் சட்டைக் கையின் தோள்பட்டை பலூன் போலப் பருக்கும். இவை ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களுக்கு. லென்ஸில் தையலைப் பாருங்கள். மடித்து வைத்த கோடு சட்டையில் அப்படியே தெரிகிறதா? அன்றைக்கென்று பெட்டியிலிருந்து எடுத்த உடை. தோள் தளர்ந்து கை நீண்டிருக்கிறதா? அண்ணனுடையதாகவோ இரவலாகவோ இருக்கலாம்.

முதல் பொறி நிறம். அக்காலத் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக உணர்ந்தன. அதனால் நீலம் வெளுத்து விழும். சிவப்பும் மஞ்சளும் கறுத்து விழும். ஐரோப்பியப் பெண் கறுப்பு உடுத்தியிருந்தால் துக்கம் என்று எழுதிவிடுவார்கள். அது செந்நிறப் பட்டாக இருக்கலாம். நம் பக்கப் படங்களில் இந்தப் பொறி இன்னும் ஆழம். அரக்குச் சேலை கறுப்பாகும், குங்குமம் கரும்புள்ளியாகும், மஞ்சள் பூசிக் குளித்த முகம் உள்ளதைவிடக் கறுத்து விழும். மாநிறத் தோலுக்கும் இதே கதிதான். ஒருவர் படத்தில் எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறார் என்பதை வைத்து அவருடைய நிறத்தைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதாதீர்கள். அது தகட்டின் குறை.

இரண்டாம் பொறி இடவலம். டாகேரியோடைப்பிலும் டின்டைப்பிலும், பெரும்பாலான ஆம்ப்ரோடைப்பிலும் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி விழும். அமெரிக்கத் துப்பாக்கிக்காரன் பில்லி த கிட் இடக்கைக்காரன் என்று வெகுகாலம் நம்பினார்கள். காரணம், கைத்துப்பாக்கி இடப்பக்கம் தொங்கும் ஒரே ஒரு டின்டைப். அதே படத்தில் அவன் பிடித்திருக்கும் நீண்ட துப்பாக்கியில் தோட்டா போடும் துளையும் தவறான பக்கத்தில் இருக்கிறது என்று பிறகுதான் கவனித்தார்கள். சட்டைப் பொத்தானைப் பார்த்தாலே போதும். அது எதிர்ப்பக்கம் இருந்தால் மோதிர விரலையும் எதிர்க்கையில் தேடுங்கள்.

உடை அந்தஸ்தைக் காட்டியது என்று சொல்லும்போது, சில இடங்களில் அது சட்டத்தோடு மோதிய கதையும் உண்டு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு 1859-இல்தான் அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பகுதியிலிருந்து அந்தத் தலைமுறையின் படம் ஒன்று கிடைத்து, அதில் ஒரு பெண் ரவிக்கையோடு உட்கார்ந்திருந்தால், அந்த ரவிக்கையை "சாதாரண உடை" என்று குறித்துவிட்டுப் போக முடியாது. குடைக்கும் செருப்புக்கும்கூட இந்த எச்சரிக்கை பொருந்தும். எங்கெங்கே அவை தடுக்கப்பட்டிருந்தனவோ அங்கெல்லாம் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்வதற்குத் துணிவு வேண்டும்.

ஐந்தாம் படி: கையையும் காலையும் படியுங்கள்

முகத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1870-களுக்குள் நெகட்டிவின் மேல் பென்சிலால் சுருக்கத்தையும் தழும்பையும் மறைக்கும் பழக்கம் ஊன்றிவிட்டது. முகத்துக்குக் கொடுத்த அந்த அக்கறையைக் கைக்கு யாரும் அவ்வளவாகக் கொடுக்கவில்லை. அதனால் கை உண்மை பேசும். புடைத்த கணுக்கள், வெடித்த நகம், மடங்க மறுக்கும் விரல், மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெயிலில் கறுத்த தோல். கையுறையைப் போடாமல் கையில் பிடித்திருந்தால் அதையும் கேளுங்கள்: மாட்ட நுழையவில்லையா? காலணியின் முன்பக்கம் தேய்ந்திருக்கிறதா, அன்றைக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்களா?

கைக்கடுத்து நகை. டாகேரியோடைப்பில் மோதிரத்துக்கும் சங்கிலிக்கும் மேல் பொன் வண்ணத்தைத் தொட்டு வைப்பார்கள். லென்ஸில் பார்த்தால் வண்ணம் புடைத்துத் தெரியும். அடியில் உண்மையான நகையின் வடிவம் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு முகம். யாரும் சிரிப்பதில்லையே என்று எல்லோரும் கேட்பார்கள். ஆரம்ப நாட்களில் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் சில விநாடிகளில் எடுக்க முடிந்த பிறகும் சிரிப்பு வரவில்லை. ஐரோப்பிய ஓவிய மரபில் பல்லைக் காட்டிச் சிரிப்பது குடிகாரனுக்கும் கோமாளிக்கும் உரியது. மதிப்புள்ளவர் வாயை மூடியிருப்பார். காசு கொடுத்து மதிப்பு வாங்க வந்தவர் ஏன் சிரிப்பார்?

ஆறாம் படி: யார் உட்கார்ந்திருக்கிறார், யார் மறைந்திருக்கிறார்?

உட்கார்ந்தவர் உயர்ந்தவர், நிற்பவர் தாழ்ந்தவர் என்று சூத்திரம் போடாதீர்கள். கூண்டுப் பாவாடையோடு நாற்காலியில் உட்கார்வது எளிதில்லை, அதன் அழகும் நின்றால்தான் தெரியும். உயர வேறுபாட்டைச் சமப்படுத்தவும் படக்காரர்கள் ஒருவரை உட்கார வைத்தார்கள்.

மறைந்திருப்பவரைத் தேடுவது இதைவிட முக்கியம். குழந்தை அசையாமல் இருக்க யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். சில படங்களில் தாயின் மேலேயே கனத்த துணியைப் போர்த்தி நாற்காலி போல ஆக்கி, மடியில் குழந்தையை வைத்து எடுத்திருக்கிறார்கள். துணிக்கடியிலிருந்து ஒரு விரல் மட்டும் குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கும். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பங்களின் படங்களில் அந்த இடத்தில் ஆயா இருப்பார். ஆல்பத்தில் குழந்தையின் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும். ஆயா வெறும் "ஆயா"தான். சில பிரதிகளில் அட்டைக்காக வெட்டும்போது அவர் முகமும் போய்விட்டிருக்கும், முழங்கை வரை மிச்சமிருக்கும்.

ஏழாம் படி: கேள்வியைக் கேளுங்கள்

இப்போது கேட்கலாம், காசு கொடுத்தது யார்?

ஒரு முனையில், படத்தில் இருப்பவர் கொடுக்காத படங்கள். இந்திய அரசு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக இந்திய மக்களின் படங்களை வெளியிட்டது. பலருக்கு அதில் பெயர் கிடையாது, சாதியின் பெயரோ பழங்குடியின் பெயரோதான். பின்னணி வெறும் துணி, தூணும் கிடையாது புத்தகமும் கிடையாது. அவர்களைப் பெரியவராகக் காட்ட யாருக்கும் தேவையிருக்கவில்லை. ஸ்டுடியோவின் இரவல் தூணைப் பார்த்து நாம் முகம் சுளிக்கலாம். அது இல்லாத படத்தைப் பார்த்த பிறகு அந்தத் தூணின் மதிப்பு தெரியும்.

நடுவில் சிக்கலான படங்கள். சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா இனப் பெண். சிறுமியாகப் போரில் பிடிபட்டு, தகோமி மன்னரால் 1850-இல் ஆங்கிலேயக் கடற்படையின் கப்பல் தலைவர் ஒருவரிடம் மகாராணிக்கான "பரிசாக" ஒப்படைக்கப்பட்டவர். விக்டோரியா அவரைப் படிக்க வைத்தார். 1862-இல் வணிகர் ஒருவரை மணந்த பிறகு சில்வியின் ஸ்டுடியோவில் விலையுயர்ந்த உடையில் படம் எடுத்துக்கொண்டார். அந்த உடை அவருடையது. அந்த நிமிர்வும் அவருடையது. அங்கு வந்து சேர்ந்த பாதை மட்டும் அவர் தேர்ந்ததில்லை. இதையும் நடுவிலேயே சொல்ல வேண்டும்: ஹைதராபாத் சமஸ்தானத்தில் லாலா தீன்தயாள் என்ற படக்காரர் 1892-இல் கோஷாப் பெண்களுக்கென்று, அதாவது வெளியார் கண்ணில் படாமல் திரைமறைவில் வாழ்ந்தவர்களுக்கென்று, தனி ஸ்டுடியோ திறந்து, படம் எடுக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை அமர்த்தினார். காசு கொடுத்தும் படத்தைப் பிறர் பார்க்கக் கூடாது என்பதே அங்கே அந்தஸ்து.

மறுமுனையில் எனக்கு மிகவும் பிடித்த அட்டை. சோஜர்னர் ட்ரூத், நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து 1826-இல் தப்பி வந்தவர். 1864-இல் எடுத்த கார்ட் டி விசிட்டில் வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக்கண்ணாடியோடு இருக்கிறார். கையில் பின்னல் ஊசி. நூல் மடியில் சரிந்து விழுகிறது. மேசையில் பூச்சாடியும் புத்தகமும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் இடப்பக்கப் பட்டியல் என்று நீங்கள் குறித்திருப்பீர்கள், சரிதான். ஆனால் அட்டையின் அடியில் அவர் பெயரோடு ஒரு வரி அச்சிட்டிருக்கிறது: உடலைக் காக்க என் நிழலை விற்கிறேன் என்ற பொருளில். திருப்பிப் பாருங்கள். 1864-ஆம் ஆண்டு மிச்சிகன் நீதிமன்ற அலுவலகத்தில் இந்தப் படத்தின் உரிமை அவர் பெயரிலேயே பதிவானதாக இருக்கிறது. அக்காலத்தில் அந்த உரிமை வழக்கமாகப் படம் எடுத்தவருக்குத்தான் போகும். ஒரு காலத்தில் உடலோடு விற்கப்பட்ட பெண், தன் முகத்துக்குத் தானே சொந்தக்காரர் என்று சட்டப்படி எழுதிவைத்து, அதை விற்று, ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

படத்தைக் குப்புற, சமமான பரப்பில் வைத்து, அட்டையின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். லாமினேஷன் கூடவே கூடாது, பசை ஆல்பமும் கூடாது. அமிலம் இல்லாத தாள் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் சுவரும் படாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஒட்டுப்பசை பிடித்த உணவு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள்.

தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்து எழுதுங்கள். "அட்டை 10.8 × 16.5, ஓரம் பொன், ஸ்டுடியோ சென்னை" என்பது தெரிந்தது. "கோட்டு இரவலாக இருக்கலாம்" என்பது ஊகம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போதும். படத்தில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், முழங்கை மட்டும் தெரிபவருக்கும் சேர்த்து. பெயர் தெரியாத இடத்தில் "குழந்தையைப் பிடித்திருக்கும் பெண், பெயர் கேட்க வேண்டும்" என்று எழுதிவிட்டு, வீட்டில் இருப்பவர்களிலேயே மூத்தவரிடம் படத்தை எடுத்துப் போங்கள். காலை வெளிச்சத்தில் கேளுங்கள், அப்போதுதான் அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும்.